அழிந்துபோன பயாஸையும் முதலில் பிரதி எடுங்கள்

அம்மாவின் மேசைக் கணினி பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்து வந்தது. எம்பிராய்டரி வடிவங்களை வரைந்து, தையல் இயந்திரம் படிக்கக்கூடிய கோப்பாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. அந்த மென்பொருளின் உரிமம் கணினியின் நெட்வொர்க் முகவரியோடு, அதாவது மேக் முகவரியோடு, பிணைக்கப்பட்டிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் அந்தப் பதிப்புக்குப் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் வடிவக் கோப்புகள் அத்தனையும் கிடைத்துவிடும். ஆனால் அவற்றைத் திறக்கிற மென்பொருள் அங்கே ஓடாது. அப்படிப்பட்ட கணினியின் பயாஸைத்தான், அதாவது மின்சாரம் வந்ததும் கணினியை எழுப்பும் முதல் நிரலைத்தான், நான் என் கையாலேயே கெடுத்தேன்.

புதிதாகப் பொருத்திய எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் சில நேரங்களில் தென்படாமல் போனதால், பயாஸைப் புதுப்பித்தால் சரியாகும் என்று நினைத்து, விண்டோஸுக்குள் இருந்தபடியே ஓடும் புதுப்பிப்புக் கருவியை இயக்கினேன். பாதி வேலையில் மின்சாரம் நின்றது. திரும்ப வந்தபோது பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. "போனால் போகட்டும், விடு" என்று அம்மா சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இப்படி நின்றுபோகிற எல்லாக் கணினிக்கும் பயாஸ்தான் காரணம் என்று சொல்ல முடியாது. காரணம் எனக்குத் தெரிந்திருந்தும், மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மதர்போர்டைத் தொட்டேன். மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா நிற ஒயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் சாம்பல் நிற ஒயரிலும் 5 வோல்ட் வர வேண்டும். இரண்டும் வந்தன. அடுத்ததாகச் செய்த சோதனையைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்: மதர்போர்டின் ஸ்பீக்கர் ஊசிகளில் ஒரு சிறு ஸ்பீக்கரை மாட்டி, ராம் (தற்காலிக நினைவகம்) முழுவதையும் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். பயாஸ் உயிரோடு இருந்தால் ராம் இல்லை என்று பீப் ஒலியால் முறையிடும். என் கணினி முறையிடவில்லை. பிராசஸருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் அது செய்ய வேண்டிய முதல் வேலையைச் சொல்லித்தர யாரும் இல்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி.

பேட்டரியைக் கழற்றி இரவு முழுவதும் வைத்திருந்தால் பயாஸ் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சிஆர்2032 பேட்டரி காப்பாற்றி வைப்பது கடிகாரத்தையும் அமைப்புகளையும் மட்டும்தான். பயாஸ் நிரல் இருப்பது ஃப்ளாஷ் சிப்பில். அதற்குப் பேட்டரி தேவையே இல்லை. தவறான அமைப்பால் நின்றுபோன கணினியைப் பேட்டரி வைத்தியம் எழுப்பிவிடும். நிரலே அழிந்த கணினிக்கு அதனால் பயன் இல்லை.

மின்தடை அவ்வளவு பெரிய சேதத்தை ஏன் செய்கிறது என்பதற்கு ஃப்ளாஷ் நினைவகத்தின் இயல்புதான் விடை. அதில் இருக்கும் எழுத்தின்மேல் நேராக இன்னொன்றை எழுத முடியாது. முதலில் 4 கிலோபைட் அல்லது 64 கிலோபைட் கொண்ட ஒரு கட்டத்தை முழுவதுமாக அழிக்க வேண்டும்; அழித்ததும் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும், அதாவது ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப் என்று காட்டும். பிறகே வேண்டிய இடங்களில் 0 எழுதப்படும். அழித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையே மின்சாரம் போனால், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் அந்த இடம் வெறுமையாக நின்றுவிடும்.

சிப்பைத் தொடுவதற்கு முன்னால் முயன்று பார்க்க எளிய வழிகள் சில உண்டு. பல மதர்போர்டுகளில் பயாஸின் ஒரு சிறு பகுதி, பூட் பிளாக், மற்றவை கெட்டாலும் பென்டிரைவிலிருந்து புதிய கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கும். பழைய ஏஎம்ஐ பயாஸ்களில் கன்ட்ரோல், ஹோம் இரண்டையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். எச்பி கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையும் பி விசையும். டெல்லின் பிற்கால மாடல்களில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும். கிகாபைட்டின் டூயல்பயாஸ் போர்டுகளில் இரண்டாவது சிப்பே உண்டு. சில போர்டுகளில் பின்பக்கத்து யூஎஸ்பி துளைக்கு அருகில் இருக்கும் ஒரு பட்டன், பிராசஸர் இல்லாவிட்டாலும் பயாஸை எழுதிவிடும். பென்டிரைவை எஃப்ஏடி32 வடிவில் தயாரித்து, கையேடு சொல்லும் பெயரை எழுத்துப் பிசகாமல் கோப்புக்கு வைப்பது முக்கியம். நான் விளக்கு உள்ள பென்டிரைவைப் பயன்படுத்தினேன். அது மினுக்கினால் யாரோ படிக்கிறார்கள் என்று பொருள். ஒருமுறைகூட மினுக்கவில்லை. பூட் பிளாக்கும் போய்விட்டது என்று தெரிந்தது.

மிஞ்சியது சிப்பை நேராக எழுதும் வழி. போர்டின் ஓரத்தில் எட்டுக் கால்களோடு, விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சிப் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது 25க்யூ64 என்ற எண் தெரிந்தது. 25 என்பது எஸ்பிஐ வகை ஃப்ளாஷைக் குறிக்கும். 64 என்பது மெகாபிட், எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். இந்தச் சிப்புக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை தரலாம். ஆனால் இதே குடும்பத்தில் 1.8 வோல்ட் சிப்புகளும் இருக்கின்றன. பின்னொட்டில் வி என்ற எழுத்துக்குப் பதில் டபிள்யூ இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. முழு எண்ணையும் படித்து, அதற்குரிய தரவுத்தாளைப் பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஹெச்341ஏ என்ற மலிவான புரோகிராமர் ஒன்று என்னிடம் இருந்தது. மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. சிப்புக்குத் தரும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும், தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வந்துகொண்டிருந்தது. பரவலாகக் கிடைக்கும் கறுப்பு நிறப் பலகையின் வடிவமைப்பே அப்படி. சிப் ஒருவேளை தாங்கும். ஆனால் போர்டோடு சேர்த்து எழுதும்போது அந்த 5 வோல்ட், சிப்போடு இணைந்திருக்கும் சிப்செட்டுக்கும் (போர்டின் பாகங்களை இணைக்கும் முதன்மைச் சிப்) போகிறது. அதை ஒதுக்கிவிட்டு, இயல்பாகவே 3.3 வோல்ட்டில் பேசும் ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றை எடுத்தேன். அதன் 17-ஆம் ஊசியிலிருந்து சிப்பின் 8-ஆம் காலுக்கு மின்சாரம், 25-ஆம் ஊசியிலிருந்து 4-ஆம் காலுக்கு எர்த், 24-இலிருந்து 1-க்குத் தேர்வுக் கம்பி, 23-இலிருந்து 6-க்குக் கடிகாரம், 19-இலிருந்து 5-க்குச் சிப்புக்குள் போகும் தரவு, 21-இலிருந்து 2-க்குச் சிப்பிலிருந்து வரும் தரவு என்று இணைத்து, எஞ்சிய 3, 7 ஆகிய கால்களையும் 3.3 வோல்ட்டோடு சேர்த்தேன். சிப்பின் மூலையில் புள்ளி இருக்கும் கால்தான் 1. அங்கிருந்து இடஞ்சுழியாக எண்ண வேண்டும்.

சிப்பின் கால்களைப் பிடிக்கும் கிளிப்பைக் கவ்வ வைப்பதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்தேன். ஃப்ளாஷ்ராம் (flashrom) என்ற இலவச மென்பொருள் சிப்பை அடையாளம் கண்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய உள்ளடக்கம் எப்படியும் அழிந்த ஒன்று, அதைப் படித்து என்ன பயன் என்று எண்ணி, தயாரிப்பாளர் தந்திருந்த புதுப்பிப்புக் கோப்பையே எழுதச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். ஃப்ளாஷ்ராம் மறுத்துவிட்டது. சிப்பின் அளவு 83,88,608 பைட். கோப்பின் அளவு 83,90,656 பைட். அளவு பொருந்தாத கோப்பை எழுத மாட்டேன் என்றது.

அந்த 2,048 பைட் வேறுபாடுதான் அம்மாவின் மென்பொருளைக் காப்பாற்றியது. கூடுதலாக இருந்தது, புதுப்பிப்புக் கருவி படித்துச் சரிபார்ப்பதற்கான தலைப்புப் பகுதி. சிப்பில் அதற்கு இடம் இல்லை. அது என்னவென்று அறிவதற்காகக் கோப்பை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, தலைப்பை நீக்கியபின் மிஞ்சியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். இன்டெல் சிப்செட் கொண்ட போர்டுகளில் இந்த 8 மெகாபைட் முழுவதும் பயாஸ் இல்லை. முதல் 4 கிலோபைட், எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரைபடம். இந்தப் போர்டில் அடுத்த 8 கிலோபைட் நெட்வொர்க்குக்கு உரியது. அதன் பிறகு 1.5 மெகாபைட் எல்லை வரை மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிப் பகுதி. அதற்கும் பின்னால்தான் பயாஸ். நெட்வொர்க் பகுதியின் முதல் ஆறு பைட்டுதான் அந்தக் கணினியின் மேக் முகவரி. புதுப்பிப்புக் கோப்பில் அந்த இடத்தில் 88 88 88 88 87 88 என்று இருந்தது. அது யாருடைய முகவரியும் இல்லை. தொழிற்சாலையில் உண்மையான முகவரியை எழுதும் வரை இடம்பிடித்து வைக்கும் வெற்று எண். தலைப்பை வெட்டிவிட்டு அந்தக் கோப்பை எழுதியிருந்தால் கணினி உயிர் பெற்றிருக்கும், உரிமம் செத்திருக்கும். உண்மையான முகவரி, நான் அழிந்ததென்று ஒதுக்கிய அந்தச் சிப்புக்குள்தான் இருந்தது.

கட்டளையைத் தட்டிய கையை எடுத்துக்கொண்டு, சிப்பைப் படிக்கத் தொடங்கினேன். முதல் முறை படித்ததன் ஹாஷ் எண்ணும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) இரண்டாம் முறை படித்ததன் ஹாஷ் எண்ணும் வேறு வேறாக வந்தன. மூன்றாவது முறை இன்னொன்று. அப்போதுதான் இன்னோர் உண்மையும் உறைத்தது: படிக்கவே இவ்வளவு தடுமாறும் தொடர்பில் எழுதியிருந்தால், எழுதியதும் அப்படித்தான் இருந்திருக்கும். சிப்பின் கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பன்னிரண்டு ஆண்டுத் தூசு பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. நீளமான ஒயர்களை மாற்றி, விரல் நீளத்துக்குக் குறைத்தேன். வேகத்தை 512 கிலோஹெர்ட்ஸாக இறக்கினேன். படித்து முடிக்க இரண்டு நிமிடத்துக்கும் சற்று மேல் ஆனது, ஆனால் மூன்று முறையும் ஒரே ஹாஷ் வந்தது. படித்தது முழுவதும் எஃப்எஃப் என்றோ முழுவதும் 00 என்றோ இருந்தால் ஹாஷ் பொருந்தினாலும் நம்பக் கூடாது. கிளிப் கவ்வவில்லை என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. எவ்வளவு முயன்றும் பொருந்தாவிட்டால், போர்டின் மற்ற பாகங்கள் சிப்புக்குத் தரும் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன என்று கொள்ளலாம். அப்போது சிப்பைச் சூடுகாட்டி எடுத்துத் தனியாகப் படிப்பதுதான் வழி. எனக்கு அது தேவைப்படவில்லை.

அந்தக் கோப்பை மூன்று இடங்களில் சேமித்த பிறகே திறந்து பார்த்தேன். தொடக்கத்தில் பதினாறு எஃப்எஃப், அதன்பின் 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட் அடையாளம். வரைபடப் பகுதி நலமாக இருக்கிறது என்று அது சொன்னது. 4,096-ஆம் பைட்டுக்குப் போனேன். கேபினெட்டின் பின்புறம் நெட்வொர்க் துளைக்கு மேலே ஒட்டியிருந்த மங்கிய தாளில் இருந்த பன்னிரண்டு எழுத்துகளை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வாசித்து, திரையில் இருந்ததோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட நிம்மதி, பின்னால் கணினி ஓடியபோதுகூட ஏற்படவில்லை.

அடுத்து, காயம் எங்கே என்று பார்க்க வேண்டும். பயாஸ் பகுதியில் எஃப்எஃப் நிறைந்த இடங்கள் இயல்பாகவே நிறைய உண்டு. அவற்றைப் பார்த்து மட்டும் அழிந்துவிட்டது என்று முடிவு செய்ய இயலாது. புதுப்பிப்புக் கோப்போடு பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். நான் நேராகக் கோப்பின் கடைசி 16 பைட்டுக்குப் போனேன். இன்டெல் வகைப் பிராசஸர், மின்சாரம் வந்ததும் 4 கிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் முகவரியில் தன் முதல் கட்டளையைத் தேடும். சிப்பின் கடைசிப் பகுதிதான் அந்த முகவரியில் வந்து அமர்கிறது. புதுப்பிப்புக் கோப்பில் அங்கே வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை இருந்தது. என் சிப்பில் பதினாறும் எஃப்எஃப். பீப் ஒலி ஏன் வரவில்லை, பென்டிரைவ் ஏன் மினுக்கவில்லை என்பதற்கெல்லாம் விடை அந்த ஒரு வரியில் கிடந்தது.

இரண்டையும் சேர்த்துப் புதிய கோப்பை உருவாக்கினேன். முதல் 15,72,864 பைட் என் சிப்பிலிருந்து. மீதி 68,15,744 பைட், தலைப்பு நீக்கிய புதுப்பிப்புக் கோப்பிலிருந்து. கூட்டினால் 83,88,608. இந்த எல்லை என் போர்டுக்கு உரியது. உங்கள் போர்டுக்கு வரைபடப் பகுதி என்ன சொல்கிறது என்று யூஇஎஃப்ஐடூல் போன்ற கருவியில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். போர்டின் சீரியல் எண்ணைப் பழைய பிரதியில் தேடியபோது, பயாஸ் பகுதியிலேயே கருவி தொடாமல் விட்டிருந்த ஒரு சிறு இடத்தில் கிடைத்தது. புதிய கோப்பில் அதே இடம் வெறுமையாக இருந்ததால், அதையும் அங்கே வைத்தேன். அந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். பயாஸுக்குள் பல பகுதிகளுக்குச் சரிபார்ப்புத் தொகை உண்டு, நடுவில் கை வைத்தால் முழுப் பகுதியும் ஏற்கப்படாமல் போகலாம். நெட்வொர்க் முகவரியைக் கையால் திருத்த நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அந்தப் பகுதிக்கும் தனிச் சரிபார்ப்புத் தொகை இருக்கிறது. முழுப் பகுதியையும் அப்படியே எடுத்து வைப்பதே பாதுகாப்பானது.

எழுதும் வேலை, இவ்வளவுக்கும் பிறகு, அமைதியாக முடிந்தது. ராஸ்ப்பெர்ரி பையை யூபிஎஸ்ஸில் இணைத்து, மேசையை யாரும் தொடாதபடி பார்த்துக்கொண்டு ஓடவிட்டேன். ஃப்ளாஷ்ராம் அழித்து, எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்து, பொருந்துகிறது என்றது. நான் இன்னொரு முறை தனியாகப் படித்து ஹாஷ் பார்த்தேன்.

கிளிப்பைக் கழற்றி, புதிய பேட்டரி போட்டு, ஒரே ஒரு ராம், போர்டிலேயே உள்ள திரை இணைப்பு, ஹார்ட் டிஸ்க் இல்லை என்ற நிலையில் இயக்கினேன். விசிறி சுழன்று நின்றது. மறுபடி சுழன்றது. முதல் முறை பயாஸ் தன் அமைப்புகளைப் புதிதாக எழுதிக்கொள்ளும்போது இப்படி நின்று எழுவது வழக்கம். பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடாமல் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பீப். திரையில் "அமைப்புகள் இல்லை, எஃப்1 அழுத்துங்கள்" என்ற செய்தி.

வேலை முடிந்தது என்று எண்ணி டிஸ்கை மாட்டியபோது விண்டோஸ் நீலத் திரையோடு நின்றது. பிழை எண் 7பி என்று முடிந்தது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று ஒரு கணம் பதறினேன். உண்மையில், புதிதாக எழுதிய பயாஸ் எல்லா அமைப்பையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோயிருந்தது. அதில் சாட்டா முறை, அதாவது டிஸ்கோடு பேசும் முறை, ஐடிஇ என்று இருந்தது. இந்த விண்டோஸ் நிறுவப்பட்டதோ ஏஹெச்சிஐ முறையில். மாற்றியதும் எழுந்துவிட்டது. இதை அறியாமல் விண்டோஸை மீண்டும் நிறுவப் போகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தேதியையும் உடனே சரிசெய்யுங்கள். பல ஆண்டு பின்தங்கிய தேதியோடு இணையத்துக்குப் போனால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஏற்கப்படாமல் பெரும்பாலான தளங்கள் திறக்காது. தேதி பார்க்கும் உரிமங்களும் குழம்பும். புதிய கணினிகளில் டிஸ்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸ் மாறியதைக் கண்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பயாஸைத் தொடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்பிராய்டரி மென்பொருள் எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது. அம்மா பாதியில் விட்டிருந்த மயில் வடிவத்தைத் திறந்து, கழுத்துப் பகுதியின் தையல் அடர்த்தியை மாற்றத் தொடங்கினார். நான் செய்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எஸ்எஸ்டி தென்படாமல் போனதற்குக் காரணம் பயாஸே இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. சாட்டா கேபிளின் ஒரு முனை தளர்ந்திருந்தது. கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது ஒரு சிறிய பென்டிரைவில் சிப்பிலிருந்து முதலில் படித்த கெட்ட பிரதி, நான் சேர்த்துத் தைத்த கோப்பு, இன்றைய நிலையில் படித்த பிரதி ஆகிய மூன்றையும் அவற்றின் ஹாஷ் எண்களோடு போட்டு, பயாஸ் அமைப்புப் பக்கங்களைக் கைபேசியில் எடுத்த படங்களையும் சேர்த்து, ஓர் உறையில் இட்டுக் கேபினெட்டின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். உறையின் மேல் சிப்பின் முழு எண்ணையும், அதன் வோல்ட்டையும், புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறேன்.